மிர்லாந்த் கேட்ட படம்

மரியே வாழ்க

மொன்றியல்,
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை யோசெப்பின் எழுதுவது. நேற்றுத்தான் போனில் கதைத்தோம், இன்றைக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீன் வெட்டுகிற ஆள். நான் இங்கே தும்மினால் உங்கள் பக்கத்து வீட்டிலிருந்து சுகம் விசாரிக்கிறார்கள். வட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அத்தான் உங்கள் போனை எடுத்துப் பார்ப்பார். அதனால்தான் மடுத் திருவிழாவுக்கு வருகிற பத்திநாதரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உறையின் வாய்க்குக் குறுக்கே என் கையெழுத்தைப் போட்டு, அதற்கு மேல் செலோரேப் ஒட்டியிருக்கிறேன். வாங்கியதும் முதலில் அந்தக் கையெழுத்து பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மனிதர்தான். ஆனால் எங்கள் கோவில் பங்கில் ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவர் வீட்டுக்கு அவர் வழியாகத்தான் போகிறது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். இவருக்கு விமான நிலையத்தில் பெட்டி தூக்கித் தூக்கி மறுபடியும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. லீவு எடுங்கள் என்றால், கோடையில் யார் லீவு தருவான் என்று என்மீது பாய்கிறார். சித்தாலேபக் களிம்பு வைத்துத் தேய்த்துவிடுகிறேன். பத்திநாதரிடம் ஜொய்சிக்குச் சப்பாத்தும் இரண்டு சட்டையும் கொடுத்திருக்கிறேன். சப்பாத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், பரவாயில்லை, வளருகிற கால்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜொய்சியின் ஞானஸ்நானப் படம் ஒன்று எனக்கு வேண்டும். அந்த வெள்ளைச் சட்டையோடு கோவிலுக்குள் எடுத்தது. ஆனால் அதில் நீங்களும் அத்தானும் இருக்கக்கூடாது. பிள்ளை மட்டும், சட்டை முழுக்கத் தெரிகிற மாதிரி. நீங்கள் நிற்கிற படம்தான் இருக்கிறது என்றால் ஸ்ரூடியோவில் கொடுத்து வெட்டி அனுப்புங்கள். கோபம் வரும் என்று தெரியும். முழுக்க வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

அக்கா, நான் வேலை செய்யும் இடத்தில் ஜொய்சியை என் மகள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு வருடமாக.

எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். இங்கே ஞாயிறு பூசை முடிந்ததும் கீழ் மண்டபத்தில் கோப்பி கொடுப்பார்கள். அந்தக் கோப்பி எனக்கு ஒருநாளும் உள்ளே இறங்கியதில்லை. ஒவ்வொருத்தியும் வந்து தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். இன்னும் ஒண்டும் இல்லையோ பிள்ளை என்பாள். ஒருத்தி என் கைக்குள் லூர்து மாதா தண்ணீர் போத்தலைத் திணித்தாள். இன்னொருத்தியின் பிள்ளையைத் தூக்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, பசிக்குதுபோல என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை என் தோளில் நித்திரையாகி இருந்தது. பசித்த பிள்ளையா நித்திரை கொள்ளும்?

அப்படி நான்கு வருடம் போன பிறகுதான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டோர்வலில் இந்த வேலை கிடைத்தது. விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. குளிர் அறை, தலைக்கு வலை, கைக்குக் கையுறை. ஒரு தமிழ் முகம் இல்லை. முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனை எடுத்துத் தங்கள் பிள்ளைகளைக் காட்டினார்கள். என் முறை வந்தது. அன்று காலையில்தான் நீங்கள் மூன்று மாதக் குழந்தை ஜொய்சியின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். அது போன் முகப்பில் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, உன் மகளா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். எங்கள் முறைப்படி அக்காவின் பிள்ளை எனக்கும் பிள்ளைதானே என்று மனதுக்குள் ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அந்த எட்டு மணித்தியாலமாவது யாரும் தலையைச் சாய்க்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஒன்றைச் சொன்னால் பத்துச் சொல்லவேண்டி வந்தது. பிள்ளை எங்கே என்றார்கள். இப்போதுதான் புருஷன் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டார், பிள்ளையின் விசாப் பேப்பர் சரிவரவில்லை, அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். நாலைந்து பேர் அழுதுவிட்டார்கள். எட்டிப் பார்த்துக் கேட்டாள் என்றேனே, அவள் பெயர் மிர்லாந்த். ஹெயிட்டி நாட்டுக் கறுப்பினப் பெண், என் வயதுதான். அடுத்த திங்கட்கிழமை ஒரு கடதாசிப் பை கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உன் மகளுக்கு என்றாள். கையால் தைத்த வெள்ளைச் சட்டை, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூவேலை, கடை லேபிள் இல்லை. மலிவு விற்பனையில் வாங்கினேன் என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பினேனே, அந்தச் சட்டைதான் ஜொய்சி ஞானஸ்நானத்துக்குப் போட்டது.

ஏழு வருடமாக மிர்லாந்த் என் பக்கத்தில்தான் நின்று தட்டு அடுக்குகிறாள். எனக்குப் பிரெஞ்சு கதைக்கப் பழக்கியது அவள். பனி கொட்டுகிற நாளில் தன் காரில் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவது அவள். அப்படிப்பட்டவள்தான் இப்போது ஒன்று கேட்டிருக்கிறாள்.

இரண்டு கிழமைக்கு முன் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று சொன்னாள். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை நோத்ர-டாம்-த-கிரேஸ் என்கிற பகுதியில் ஒரு மண்டபத்தில் பேசப் போகிறாளாம். தனக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி. ஊருக்கு முன்னால், மைக்கில்! எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவளுக்குப் பிள்ளை வேண்டாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரிதாகச் சிரிப்பாள், சனிக்கிழமையானால் புருஷனோடு நடனத்துக்குப் போவாள். அதோடு, அவர்களுடைய ஆட்களுக்குப் பிள்ளை சுலபமாகத் தங்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்பினேன்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சட்டையோடு உன் மகளின் படம் ஒன்று தா, திரையில் காட்டவேண்டும் என்றாள். நீ முன் வரிசையில் இருக்கவேண்டும் என்றும் சொன்னாள்.

ஏன் அக்கா? தன் கதையைச் சொல்கிற இடத்தில் என் பிள்ளையின் படம் எதற்கு? ஏன் முன் வரிசை? யோசித்துப் பார்த்தேன், எல்லாம் மார்ச் மாதத்துக்குப் பிறகுதான். மார்ச்சில்தான் கஜந்தினி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை எங்கள் பகுதிக்கு வேலைக்கு வந்தாள். டொலார்ட்டில் வீடு, முருகன் கோவிலுக்குப் போகிற குடும்பம், எங்கள் பங்கோடு தொடர்பில்லை என்று முதலில் ஆறுதலாக இருந்தேன். பிறகுதான் கேள்விப்பட்டேன், அவளுடைய சித்தப்பா மகளை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் முருங்கனில் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். யாரோ உன் மகள் எப்படி என்று என்னைக் கேட்டபோது அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் கவனித்தேன். அடுத்த கிழமை மேற்பார்வையாளர் மைக்கல், ஏழு வருடமாகியும் பேப்பர் வரவில்லையா, நான் ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்றார். இத்தனை வருடம் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது? அதற்கு மேல் இந்தப் படம். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் மேடை போடுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

குறை நினைக்காதீர்கள், உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். முருங்கனில் அந்தப் பிள்ளையை உங்களுக்குத் தெரியுமா? சந்தையில் கண்ட இடத்தில் ஏதாவது கதைத்தீர்களா? இனி யாராவது ஜொய்சி யாருடைய பிள்ளை என்று கேட்டால், எங்கட பிள்ளை என்று மட்டும் சொல்லுங்கள். அதில் பொய் இல்லையே.

படத்தை மட்டும் எட்டாம் ஒன்பதாம் தேதிக்குள் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அதை அத்தான் பார்த்தாலும் பரவாயில்லை. வாசித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். அத்தானுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு. மாதா உங்களைக் காப்பாராக. அப்படியே என்னையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
யோசெப்பின்


மரியே வாழ்க

மொன்றியல்,
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இவரோடு வேலை செய்யும் றஜிந்தன் நாளை மறுநாள் கொழும்புக்கு வருகிறார். அவசரமாக எழுதுகிறேன். இந்தமுறை செலோரேப் ஒட்டவில்லை. வேண்டியவர்கள் வாசித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் அனுப்பிய படம் வந்தது. அதில் நீங்கள், அத்தான், பங்குச் சுவாமி, வாயைப் பிளந்து அழுகிற ஜொய்சி, எல்லாரும் இருந்தீர்கள். ஒரு ஓரம்கூட வெட்டவில்லை. கீழே ஒரு வரி: வெட்ட மாட்டன், பெத்தவள் நான். அக்கா, எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு கிழமை உங்கள் போனை எடுக்காததற்கு அதுதான் காரணம். நீங்களும் கஜந்தினியோடு சேர்ந்துவிட்டீர்கள் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

மிர்லாந்திடம், போன் தண்ணீருக்குள் விழுந்து படமெல்லாம் அழிந்துவிட்டது என்று சொன்னேன். போனைத் தா, திருத்தித் தருகிற ஆள் இருக்கிறான் என்றாள். அதற்கும் ஒரு பொய் சொன்னேன். பரவாயில்லை, நீ வந்தால் போதும் என்று தோளில் தட்டினாள். அந்தத் தட்டிலும் நான் குற்றம் தேடினேன்.

பதினைந்தாம் தேதி போனேன். ஏதாவது ஆனால் எழுந்து ஓடிவிடலாம் என்று வாசலோரம் உட்காரப் பார்த்தேன். அவளே வந்து கையைப் பிடித்து முன் வரிசையில் கொண்டுபோய் இருத்தினாள். ஐம்பது பேர் இருக்கும். அநேகமாக எல்லாரும் கறுப்பினப் பெண்கள், கோவிலுக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். அவளுடைய மனுசன் பின்னால் நின்று திரைக்கு வேண்டியதைச் செய்தான். அவள் கையில் ஒரு தாளும் இல்லை. எனக்குப் புரிய வேண்டும் என்றோ என்னவோ, ஆறுதலாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

கலியாணமாகி மூன்றாம் வருடம் டாக்டரிடம் போனாளாம். உங்கள் ஆட்களுக்கு அந்தப் பிரச்சினை வருவது குறைவு, உடம்பைக் குறையுங்கள், தானாகத் தங்கும் என்று அனுப்பிவிட்டாராம். ஐந்து வருடம் அதே பதில். வயிற்று வலி என்று சொன்னால், மாதவிலக்கு என்றால் வலிக்கத்தானே செய்யும் என்றார்களாம். கடைசியில் வேறொரு டாக்டர் ஸ்கான் படம் எடுத்துப் பார்த்தபோது கர்ப்பப்பை நிறையக் கட்டிகள். அதற்குள் வயது முப்பத்தாறு. சிகிச்சைக்குப் போன இடத்தில் சுவர் முழுக்க வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படமாம். வரவேற்பில் இருந்தவள், பிள்ளை பார்க்கிற வேலைக்கு ஆள் எடுப்பது இங்கே இல்லை என்று அவளுக்குச் சொன்னாளாம். அதைச் சொல்லிவிட்டு மிர்லாந்த் சிரித்தாள். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

தன் ஆட்களையும் அவள் விடவில்லை. அவர்களுடைய கோவிலில் பெண்கள் சுற்றி நின்று அவள் வயிற்றில் கை வைத்துச் செபிப்பார்களாம். கேட்டுக் கைவைத்தவள் ஒருத்தியும் இல்லையாம். அப்போது பின்னாலிருந்து வயதான ஒரு அம்மா எழுந்து, வீட்டு விஷயத்தை ஏன் தெருவுக்குக் கொண்டுவருகிறாய், வெள்ளைக்காரர் எங்களை இன்னும் கேவலமாக நினைக்கவா என்று கேட்டாள். நான் மிர்லாந்தின் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் பதினைந்து வருடம் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் தெருவுக்கு வந்தேன் என்றாள். அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிர்லாந்த் மைக்கை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து பேசினாள். என்னால் முடியுமா அக்கா? கோப்பி மண்டபத்தில் நாலு பெண்களுக்குப் பதில் சொல்லமுடியாமல் பொய்யாக ஒரு பிள்ளையைப் பெற்றவள் நான்.

பிறகுதான் சட்டையைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய அம்மா, பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கு என்று தைத்தது. நோயில் படுத்துக்கொண்டே கழுத்துப் பூவேலையை முடித்தாராம். முடித்த மாதமே இறந்துவிட்டார். மூன்று வருடம் அந்தச் சட்டை அலமாரிக்குள் இருந்தது. பிறகு வேலையிடத்தில் ஒரு தோழி கிடைத்தாள், கைக்குழந்தையைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவள். அவளிடம் கொடுத்தேன், என் அம்மாவின் தையலை ஒரு குழந்தை போட்டுவிட்டது, அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் என்ன செய்வது?

அதோடு முடித்திருந்தால் பரவாயில்லை. இன்னும் ஒன்று சொன்னாள். இந்தத் தோழியிடம் ஏழு வருடம் இதை நான் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் ஒரு தாய், தாய்மார் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்ப்பதை என்னால் தாங்கமுடியாது, இவளும் அப்படிச் செய்துவிட்டால் எனக்கு வேலையிடத்தில் ஆள் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன் என்றாள்.

தலையைச் சாய்ப்பது என்று அதே வார்த்தையைத்தான் சொன்னாள், அக்கா.

ஏழு வருடம் ஒரே மேசையில் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவள் கொண்டுவருகிற வாழைக்காய்ப் பொரியலில் பாதி எனக்கு, என் மீன்கறியில் பாதி அவளுக்கு. அவள் வலி என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில், நான் உலகம் தெரிந்த தாய் மாதிரி இஞ்சித் தண்ணீர் குடி என்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் அதே வலி. ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி அழுதிருக்கலாம். என் வாய்தான் அதைக் கெடுத்தது. பங்கில் எந்தப் பெண்களைக் கண்டால் எனக்கு எரியுமோ, மிர்லாந்துக்கு நான் அவர்களில் ஒருத்தியாக இருந்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஞானஸ்நானத்தின்போது பிள்ளை யார் கையில் இருந்தாள் என்று கேட்டாள். அக்காவின் கையில் என்றேன். மெல்லத் தலையாட்டினாள். இந்தக் கேள்வியை ஐந்து கிழமையாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். தெரிந்து கேட்டாளா, சும்மா கேட்டாளா, பிடிபடவில்லை. ஏழு வருடத்தில் ஜொய்சியைப் பற்றி அவளுக்கு நான் சொன்ன முதல் உண்மை அது.

கஜந்தினி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பொறுக்கமுடியாமல் ஒருநாள் பஸ் தரிப்பில் பிடித்து, என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று நேராகவே கேட்டேன். பயந்துபோனாள். ஐயோ அக்கா, எனக்கு ஒண்டும் தெரியாது, நீங்கள் முறைச்சு முறைச்சுப் பாக்கிறதால என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நான் வேற இடத்துக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறன் என்றாள். முருங்கன் சித்தப்பா மகளோடு அவர்கள் பத்து வருடமாகக் கதைப்பதே இல்லையாம், ஏதோ காணிச் சண்டை. மைக்கலும் பாவம், உண்மையாகவே உதவி செய்யத்தான் பார்த்திருக்கிறார். அவரிடமும் ஒருநாள் பேப்பர் கதையைச் சொல்லி முடிக்கவேண்டும், அதை நினைத்தால் வேறொரு தலையிடி.

இவருக்கு எல்லாம் எப்போதோ தெரியும். அதை நான் இப்போதுதான் அறிந்தேன். மூன்று வருடத்துக்கு முன் வேலையிடத்தில் என்னைக் காரில் ஏற்ற வந்தபோது வாசலில் ஒருத்தி மகள் எப்படி இருக்கிறாள் என்று இவரைக் கேட்டாளாம். நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு இவர் காரில் ஏறி இருந்துகொண்டாராம். நான் வந்தபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கிழமைதான் தானாகவே போய்ப் பிள்ளைச் சப்பாத்து வாங்கி வந்து, ஜொய்சிக்கு அனுப்பு என்று மேசையில் வைத்தார். இந்த மனிதருக்குத் திடீரென்று ஏன் இவ்வளவு பாசம் என்று அன்றைக்கு அவரையும் சந்தேகித்தேன். நேற்று அதைச் சொல்லி அழுதேன். உனக்கு அது தேவையா இருந்தது, அதுதான் விட்டன் என்றார்.

செப்டம்பரில் மிர்லாந்த் மறுபடியும் பேசுகிறாள், இதைவிடப் பெரிய மண்டபம். படம் கிடைத்ததா என்று வெள்ளிக்கிழமை கேட்டாள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன், வெட்டாத படம். ஒவ்வொரு நாளும் கொண்டுபோகிறேன், திரும்பக் கொண்டுவருகிறேன். எனக்கு இருந்த பயம் இப்போது திசை மாறிவிட்டது. முன்பு யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். இப்போது, நான் சொல்வதற்கு முன் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறேன்.

ஒரு உதவி செய்யுங்கள். அந்தச் சட்டையை வேறு எந்தப் பிள்ளைக்கும் இரவல் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் சுற்றி, பத்திநாதர் ஓகஸ்ட் கடைசியில் திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் பிரித்துப் பார்த்தாலும் பரவாயில்லை. கேட்டால் கதையையும் சொல்லுங்கள். சட்டையையும் படத்தையும் ஒன்றாக மிர்லாந்தின் கையில் வைத்து, இந்தப் பிள்ளை என் அக்காவின் மகள், நானும் உன்னை மாதிரித்தான் என்று சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னை முன் வரிசையில் இருத்துவாளா, வாசலுக்கு வெளியே விடுவாளா என்பது அவளுடைய இஷ்டம்.

ஜொய்சி வளர்ந்ததும் அவளிடம் இதைச் சொல்லுங்கள். அவளுடைய சின்னம்மா ஏழு வருடம் அவளைக் கேட்காமல் எடுத்து வைத்திருந்தாள் என்று. உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். படத்தை வெட்டாததற்கு நன்றி.

ஓகஸ்ட் பதினைந்துக்கு மடுவுக்குப் போவீர்கள். பதினொரு வருடமாக எனக்காக மெழுகுதிரி கொளுத்தி மாதாவிடம் பிள்ளை கேட்கிறீர்கள். இந்தமுறை பிள்ளை கேட்காதீர்கள், அக்கா. சட்டையை வாங்கிய பிறகும் மிர்லாந்த் என்னோடு கதைக்கவேண்டும் என்று கேளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
யோசெப்பின்